ஒன்றுமில்லாதது ஆறு மரக்கால்

எல்லைக் கோட்டையில் அன்று மை உறைந்துவிட்டது.
தூரிகை நுனியை வாயில் வைத்து ஊதி ஊதித்தான்
மூன்று வண்டிக்காரர்களின் கணக்கைச் சீவலில் இறக்கினேன்.

லூ பின்: மேல்தினை இரண்டு கட்டு,
நடுத்தினை ஒன்று, கடைத்தினை ஒன்று.
அடித்துத் தூற்றியதில் பதின்மூன்று மரக்கால்.
ஃபான் யுவே: ஒன்று, இரண்டு, ஒன்று. பன்னிரண்டு.
மூ காய்க்குத் திக்குவாய்:
மூ, மூ, மூன்று. மூன்று. இரண்டு.
இருபத்தெட்டு.

"கட்டுக்கு எவ்வளவு தேறும்?
விடிவதற்குள் சொல்" என்று
கோட்டைத் தலைவர் சுன்யூ தூங்கப் போனார்.

பலகையை விரித்தேன்.
ஆளுக்கொரு பத்தி, மேலிருந்து கீழாக.
சிவப்புக் குச்சி இருப்பு, கறுப்புக் குச்சி கடன்.
இல்லாததற்கு எங்களிடம் குறி கிடையாது.
குச்சி வைக்காத கட்டம்தான் அதற்குக் குறி.

மேல்தினை வாயை மூடினால்தான்
நடுத்தினை பேசும்.
ஃபான் யுவேயின் பத்தியை இரட்டித்து
லூ பின்னின் பத்தியை ஒருமுறை எடுத்தேன்:
வெற்றிடம், மூன்று, ஒன்று, பதினொன்று.
மூ காயையும் இரட்டித்து
லூ பின்னை மும்முறை எடுத்தேன்:
வெற்றிடம், மூன்று, ஒன்று, பதினேழு.

இங்கே என் கை நின்றது.
இரண்டு பத்தியும் ஒரே ஆளைப் போல நிற்கின்றன,
காலடியில் மட்டும் வேறு வேறு செருப்பு.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன்.
நடுத்தினை போனது. கடைத்தினையும் கூடவே போனது,
நான் கேட்காமலே.
மேலே மூன்று கட்டமும் மொட்டை மரம்.
அடியில் ஆறு சிவப்புக் குச்சிகள்.

ஒன்றுமில்லாதது ஆறு மரக்கால்.
நான் இரட்டித்த பாவத்தைக் கழித்தால், மூன்று.

எந்தக் களத்திலும் விளையாத தினை அது.
கட்டுக்கு எவ்வளவு என்பது இனி இந்தப் பலகையில் இல்லை.
மூவரும் உண்மை சொன்னார்கள் என்பதும் இல்லை.

விடிந்தது. சுன்யூ வந்து பார்த்தார்.
"மிச்சம் யார் பத்தியில்?"
மூ காய் பத்தியில்.
"அப்போது அவன்தான். பிரம்பை எடு."

முற்றத்தில் மூ காய்
எதையோ சொல்லத் தொடங்கி
முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றான்.

"சற்றுப் பொறுங்கள்" என்றேன்.
குச்சிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.
இந்த முறை மூ காய் முதலில், ஃபான் யுவே கடைசியில்.
பெருக்கினேன், கழித்தேன், தலைவரின் மூச்சு
பிடரியில் சுட்டுக்கொண்டே இருந்தது.
மேலே மீண்டும் மூன்று வெற்றிடம்.
அடியில் ஒன்பது, எல்லாம் கறுப்பு,
இப்போது ஃபான் யுவேயின் பத்தியில்.
மும்மடங்கு ஆக்கியிருந்தேன்; பிரித்தால் அதே மூன்று.

"கடைசியில் யாரை வைக்கிறேனோ
அவன் தலையில் விழுகிறது, ஐயா.
இது பொய் இருக்கிறது என்று சொல்லும்.
யாருடையது என்று சொல்லாது."

சுன்யூ பலகையையே வெகுநேரம் பார்த்தார்.
பிரம்பை வாசலில் சாத்தினார். உடைக்கவில்லை, சாத்தினார்.
"மூவரையும் மறுபடி அளக்கச் சொல்" என்று போய்விட்டார்.

குச்சிகளைப் பைக்குள் போடும்போது
ஏதோ தோன்றி மூ காயின் சீவலை
அடுப்பு வெளிச்சத்தில் பிடித்தேன்.
என் கையெழுத்து.
இருபத்து என்பதுவரை தெளிவு.
அதற்கப்புறம் மை உடைந்திருந்தது:
எட்டா? ஐந்தா?

திக்கித் திக்கி அவன் சொன்னதை
பொறுமையில்லாமல் நானே முடித்து எழுதினேனா?

பலகையில் மூன்று பத்திதான் போட்டேன்.
நான்காவதாக ஓர் ஆள்
பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

வெளியே மரக்கால் தரையில் மோதும் சத்தம்.
ஒன்று, என்றான் மூ காய். இரண்டு.
மூ, மூ,
நான் முடித்துவைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.